மேடையும் வெளிச்சமும் நடிகரும்: கேள்வி பதில்

நாடகத்தில் செட்டும் விளக்கும் நடிப்போடு உரசும் இடங்களைப் பற்றி மட்டும் கேளுங்கள். ஒலி, கதைவசனம் என் துறை இல்லை.

புதுமுகம்: அக்கா, "வெளிச்சத்துக்குள் நில்" என்று தினமும் திட்டு விழுகிறது. எங்கே நிற்பது?

ஹாலஜன் விளக்கென்றால் முகத்தில் சூடு உறைக்கும் இடம். எல்இடியில் அந்தச் சூடு வராது. கடைக்கண்ணால் விளக்கைப் பாருங்கள். லென்ஸின் நடு பளீரென்று தெரிய வேண்டும். தரையில் விழும் வட்டத்தை மட்டும் நம்பாதீர்கள். முன்னால் மேலிருந்து ஒளி சாய்வாக வருவதால், வட்டத்தின் பின்விளிம்பில் நின்றால் கால் வெளிச்சத்திலும் தலை இருட்டிலும் இருக்கும்.

தாமரை: காலர் மைக் எங்கே குத்துவது?

ஒலிக்காரரிடம் கேளுங்கள்.

சுவர்க்கோழி: கோபத்தில் கதவை அறைந்து சாத்தும் காட்சி. சுவரே ஆடுகிறது, சபை சிரிக்கிறது.

கதவு நிலையைப் பக்கத்துப் பலகையில் மட்டும் பிணைத்திருப்பீர்கள். நிலைக்கென்று தனியாக, இரு பக்கமும் பின்னால் முக்கோண முட்டுக் கொடுத்து, அடியில் எடை வையுங்கள். பக்கச் சுவர்க் கதவானால் கீல் மேடையின் பின்புறம் இருக்கட்டும், கதவு மேடைக்கு வெளியே திறக்கட்டும். மேடைக்கு அந்தப் பக்கம் நடப்பதைத் திறந்த கதவே சபையிடமிருந்து மறைக்கும். அப்புறம், அசல் கதவு வரும்வரை அந்தக் காட்சியை ஒத்திகை பார்த்ததாகக் கணக்கில் எடுக்காதீர்கள். காற்றில் கை வீசிப் பழகிய கோபம் வேறு, எடையுள்ள கதவில் வரும் கோபம் வேறு.

நெறியாளன்: நடிகர்கள் முதலில் சுதந்திரமாக நடமாடட்டும், செட்டைப் பிறகு வரையலாம் என்கிறேன். தவறா மேடம்?

தவறுதான். கதவிலிருந்து மேசைக்கு 6 மீட்டர் என்றால் ஏறத்தாழ 8 எட்டு, 5 விநாடி. அதில் வசனம் பேசுவதா, மௌனமாக வருவதா என்று நடிகர் முடிவெடுக்க வேண்டும். மேசை 2 மீட்டரில் இருந்தால் அந்தக் கேள்வியே எழாது. முதல் ஒத்திகையிலேயே செட்டின் அளவை டேப்பால் தரையில் ஒட்டுங்கள்.

நெறியாளன்: அப்படியானால் நடிகர் வரைபடத்துக்கு அடிமையா?

சுவர்க்கோழி: நெறியாளன் சார், நீங்கள் கடைசியில் வைத்த சோபாவைச் சுற்றிக்கொண்டு போவதுதான் அடிமைத்தனம்!

சண்டை வேண்டாம். வரைபடத்தை மாற்றலாம், தாராளமாக. டேப்பை உரித்து வேறிடத்தில் ஒட்டுவது நிமிட வேலை. ஆணியடித்த பலகையைப் பிரிப்பது அப்படியில்லை. நான் சொல்வது அவ்வளவே.

கற்பகம்: சிவப்புப் புடவை மேடையில் கறுப்பாகத் தெரிகிறது.

பச்சை விளக்கோ நீல விளக்கோ போட்டிருப்பீர்கள். துணி எடுக்கும் முன் அந்த ஃபில்டரின் கீழ் பிடித்துப் பாருங்கள்.

மணி: அக்கா, காலர் மைக் வியர்வையில்...

மேலே தாமரைக்குச் சொன்னதுதான், தம்பி.

ஏணிப்படி: மாடிப்படியில் நடிகை தினமும் தடுக்குகிறார்.

படிகளை அளந்தீர்களா? 15 முதல் 18 செ.மீ. வரை எதுவும் சரி, ஆனால் எல்லாம் ஒரே உயரம் வேண்டும். 1 செ.மீ. கூடினாலும் கால் ஏமாறும். படியின் அளவையும் டேப்பால் ஒட்டி, காட்சிக்குரிய செருப்போடும் நீளப் பாவாடையோடும் பழக்குங்கள். ஏறும்போது மூச்சு வாங்கும். நீண்ட வசனம் இருந்தால் பிரித்துப் பேச வேண்டிய இடத்தை இப்போதே குறியுங்கள்.

ஏணிப்படி: விளக்கை அணைத்துக் காட்சி மாற்றும் இருட்டில் ஒளிரும் டேப் தெரியவில்லையே?

முன்பே வெளிச்சம் பட்டிருந்தால்தான் அது இருட்டில் ஒளிரும். படியின் நிழலில் ஒட்டியிருப்பீர்கள். இருட்டுக்கு முந்தைய காட்சியில் விளக்கு விழும் பரப்பில், விரல் அகலத் துண்டாக ஒட்டுங்கள்.