போகும் முன்பே மனத்தில் குடியேறிவிடும் ஊர்

வாசகர் கேள்வி பதில்

பிற நாட்டு வாழ்க்கையைப் பற்றிய நம் எதிர்பார்ப்புகள் நாம் அறியாமலேயே எவ்வாறு உருவாகின்றன என்பதைத் தொட்டு அண்மையில் நான்கு கடிதங்கள் வந்திருந்தன. எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்து, அவர்கள் வசிக்கும் பகுதியை மட்டும் குறிப்பிட்டிருக்கிறேன்.

கேள்வி: மன்னார்குடிக்கு அருகிலுள்ள சிற்றூரிலிருந்து திருமணமாகிச் சிங்கப்பூருக்கு வந்து ஓராண்டு ஆகப்போகிறது. கணவர் நல்லவர், மாமியார் வீட்டிலும் குறை ஒன்றுமில்லை. ஆனாலும் வந்த நாளிலிருந்து ஏதோ ஏமாந்துபோனதைப் போலவே இருக்கிறது. "அப்படி என்னதான் எதிர்பார்த்து வந்தாய்?" என்று கணவர் கேட்கும்போது எனக்கே பதில் தெரியவில்லை. எதையும் பெரிதாக எதிர்பார்க்காத ஒருவர் ஏமாற்றம் அடைய முடியுமா?
வாசகி, செங்காங்

பதில்: முடியும், சகோதரி. எதிர்பார்ப்பு என்றால் இன்னது வேண்டும், இன்னது கிடைக்கும் என்று மனத்துக்குள் பட்டியல் போட்டுக்கொண்டு வருவது என்று உங்கள் கணவரைப் போலவே பலரும் நினைக்கிறார்கள். நம் எதிர்பார்ப்புகளில் பெரும்பகுதி நாம் உட்கார்ந்து யோசித்து வகுத்துக்கொண்டவை அல்ல.

1971இல் டேவிட் மேயர், ரோஜர் ஷ்வானவெல்ட் என்னும் இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் எளிய சோதனையின் முடிவுகளை வெளியிட்டார்கள். கண்முன் காட்டப்படும் எழுத்துக் கோவைகள் பொருளுள்ள சொற்களா, வெற்று எழுத்துகளா என்று பங்கேற்றவர்கள் விரைந்து சொல்ல வேண்டும். 'ரொட்டி' என்ற சொல்லோடு 'வெண்ணெய்' என்ற சொல் வந்தபோது, தொடர்பில்லாத வேறொரு சொல்லோடு வந்தபோதைவிட அவர்கள் விரைவாகப் பதிலளித்தார்கள். வேறுபாடு ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். ஆனால் அதன்பின் எத்தனையோ ஆய்வுக்கூடங்களில் அது மீண்டும் மீண்டும் காணப்பட்டிருக்கிறது. ஒரு சொல்லைக் கண்டதும் அதனோடு உறவுடைய சொற்களும் நம்மைக் கேட்காமலேயே விழித்துக்கொள்கின்றன. உளவியலில் பிரைமிங் என்று வழங்கும் இதை இங்கே முன்தூண்டல் என்று குறிப்பிடுகிறேன்.

அந்தச் சோதனையில் ஏற்பட்ட தூண்டல் சில நொடிகளில் மங்கிவிடக்கூடியது. ஆனால் அதே இணைப்பு குழந்தைப் பருவத்திலிருந்து ஆயிரம் முறை ஏற்பட்டால், அது மனத்தின் நிலைத்த பழக்கமாகிவிடுகிறது. காவிரிப் படுகையின் எத்தனையோ வீடுகளில் சிங்கப்பூர் என்ற பெயரோடு எவையெல்லாம் சேர்ந்து வந்தன என்று எண்ணிப் பாருங்கள். விடுப்பில் வந்த மாமா பெட்டியைத் திறந்ததும் வெளிவந்த தைலப் புட்டிகள், சாக்லேட் டப்பாக்கள், வாசனைத் திரவியம். 1970களின் இறுதியில் தொடங்கி இந்நகரில் படமாக்கப்பட்ட திரைப்பாடல்களின் வெளிச்சம். 1972 முதல் நீர் உமிழ்ந்துகொண்டிருக்கும் சிங்க முகச் சிலை. 2010இல் எழுந்த மரினா பே சேண்ட்ஸ் முன்னால் நின்று எடுத்துக்கொண்ட படங்கள். "மாப்பிள்ளை சிங்கப்பூர்" என்று பெண் வீட்டார் சொல்லும்போது குரலில் ஏறிய பெருமிதம். இவற்றில் எதையும் நீங்கள் வாக்குறுதியாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். ஆயினும் அந்தப் பெயரைக் கேட்டபோதெல்லாம் இவை அனைத்தும் உங்களுக்குள் விழித்துக்கொண்டன. இவற்றில் இடம்பெறாதவை விழிக்கவில்லை.

இடம்பெறாதவற்றைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். இந்நாட்டுவாசிகளில் 10 பேருக்கு ஏறத்தாழ 8 பேர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீடுகளில் வசிக்கிறார்கள். அங்கே பிற்பகல் இரண்டு மணிக்கு எல்லாக் கதவுகளும் மூடிக்கிடக்கும் நடைவழியை யாரும் படம் எடுத்து ஊருக்கு அனுப்புவதில்லை. மாமாவையும் நீங்கள் அவருடைய விடுப்பு நாள்களில் மட்டுமே பார்த்திருக்கிறீர்கள். பதினொரு மாதங்கள் அவர் எத்தனை மணிக்கு எழுந்தார், யாரோடு சாப்பிட்டார் என்பது எவருடைய பேச்சிலும் வந்திருக்காது. எளிதில் நினைவுக்கு வருவதையே அடிக்கடி நிகழ்வதாக மனம் எடுத்துக்கொள்கிறது என்று உளவியலாளர்கள் அமோஸ் டிவெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973இல் எழுதினார்கள். நினைவுக்கு வரவே வாய்ப்பில்லாதது மனக்கணக்கில் சேர்வதே இல்லை.

இதோடு தொடர்புடைய இன்னோர் ஆய்வு உங்கள் நிலைக்கு மிகவும் பொருந்துகிறது. 1998இல் டேவிட் ஷ்கேடும் கானமனும் அமெரிக்காவில் ஏறத்தாழ 2,000 மாணவர்களிடம் வாழ்க்கை எவ்வளவு நிறைவாக இருக்கிறது என்று கேட்டார்கள். இதமான தட்பவெப்பமுள்ள கலிபோர்னியாவில் படித்தவர்களும், கடுங்குளிருக்குப் பெயர்போன நடுமேற்கு மாநிலங்களில் படித்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவு நிறைவையே தெரிவித்தார்கள். ஆனால் "உங்களைப் போன்ற ஒருவர் எங்கே அதிக மகிழ்ச்சியோடு இருப்பார்?" என்று அந்த மாணவர்களிடம் கேட்டபோது, இரு தரப்பினருமே கலிபோர்னியாவைச் சொன்னார்கள். இரண்டு ஊர்களை ஒப்பிடும்போது கண்ணில் படும் வேறுபாட்டுக்கு அளவுக்கு மீறிய எடை கிடைத்துவிடுகிறது. மன்னார்குடியிலிருந்து பார்க்கையில் சிங்கப்பூரின் வேறுபாடுகள் சுத்தமான சாலை, நேரத்துக்கு வரும் ரயில், எந்நேரமும் தண்ணீர் வரும் குழாய். இவை அனைத்தும் உண்மை. ஆனால் ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தை நிரப்புபவை பேச்சுத்துணை, தூக்கம், செய்வதற்கு ஒரு வேலை, கணவர் வீடு திரும்பும் நேரம் ஆகியவைதாம். இவற்றில் எது உங்களுக்குக் குறைகிறது என்று பாருங்கள். அதைக் கணவரிடம் அதன் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பொதுவாக "இந்த ஊர் பிடிக்கவில்லை" என்று சொன்னால், அவர் ஊரின் சார்பில் வாதாடத் தொடங்கிவிடுவார். தூக்கமும் பசியும் பல வாரங்களாகக் கெட்டிருந்தால் தயங்காமல் அருகிலுள்ள பலதுறை மருந்தகத்திற்குச் சென்று மருத்துவரிடம் பேசுங்கள்.

நீங்கள் ஊரிலுள்ள சித்தி மகளுக்குக் கைப்பேசியில் அனுப்பிவரும் படங்களையும் ஒருமுறை திருப்பிப் பாருங்கள். நாளை அவருக்கும் இங்கே வரன் அமையக்கூடும்.

கேள்வி: முதுமையைக் குறிக்கும் சொற்களைப் படித்த இளைஞர்கள் மெதுவாக நடந்தார்கள் என்று முன்பு ஒரு கட்டுரையில் வாசித்து, அதை மாணவர்களுக்கும் சொல்லியிருக்கிறேன். அது பொய் என்று இப்போது கூறுகிறார்களே? அப்படியானால் முன்தூண்டல் என்ற கருத்தையே கைவிட வேண்டுமா?
ஓய்வுபெற்ற ஆசிரியர், அங் மோ கியோ

பதில்: ஐயா, தாங்கள் குறிப்பிடுவது ஜான் பார்கும் அவருடைய சகாக்களும் 1996இல் வெளியிட்ட ஆய்வு. 2012இல் பிரஸ்ஸல்ஸ் நகரில் ஸ்டெஃபான் துவாயென் குழுவினர் அதைத் திரும்பச் செய்தார்கள். நடைவேகத்தை மனிதர்கள் கடிகாரம் பார்த்துக் குறிப்பதற்குப் பதிலாக அகச்சிவப்புக் கருவிகளைக் கொண்டு அளந்தார்கள். அந்த விளைவு தென்படவில்லை. பங்கேற்றவர்கள் மெதுவாக நடப்பார்கள் என்ற எண்ணத்தை, சோதனையை நடத்தியவர்களின் மனத்தில் முன்கூட்டியே ஏற்படுத்தியபோதுதான் அது தலைகாட்டியது. அதே ஆண்டு கானமன் இத்துறை ஆய்வாளர்களுக்குத் திறந்த மடல் எழுதி, தங்கள் முடிவுகளைத் தாங்களே மறுபடி சோதித்துப் பார்க்குமாறு வலியுறுத்தினார். சிறிய எண்ணிக்கையிலான ஆய்வுகளின்மேல் தாமே அளவுக்கு மீறிய நம்பிக்கை வைத்துவிட்டதாகப் பின்னர் அவர் ஒப்புக்கொள்ளவும் செய்தார். 2002இல் பொருளியலுக்கான நோபெல் பரிசு பெற்ற ஒருவர் அவ்வாறு வெளிப்படையாகச் சொன்னதை நான் மிக உயர்வாக மதிக்கிறேன்.

ஆகவே இரண்டையும் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல் தன் உறவுச் சொல்லை விழிக்கச் செய்கிறது என்பது உறுதியாக நிலைபெற்ற உண்மை. நான்கைந்து சொற்களைப் படித்ததால் ஒருவருடைய நடையும் நடத்தையும் மாறிவிடும் என்பது அவ்வாறு நிலைபெறவில்லை. வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றிப் பேசும்போது நான் முதலாவதன்மேல் மட்டுமே நிற்க விரும்புகிறேன். ஒரு சுவரொட்டியைப் பார்த்ததால் யாரும் நாடு மாறிக் குடியேறுவதில்லை. பல்லாண்டுகள் ஒரே வகைப் படங்களைப் பார்த்து வளர்ந்தவருக்கு அந்நாட்டைப் பற்றிய மற்ற வினாக்கள் தோன்றாமல் போகின்றன.

பிரஸ்ஸல்ஸ் ஆய்வில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. அங்கே எதிர்பார்ப்பு வேலை செய்தது சோதிக்கப்பட்டவர்களிடம் மட்டுமன்று. சோதித்தவர்களின் எதிர்பார்ப்பே முடிவில் கலந்துவிட்டது. புதிதாக வருபவர் திணறுவார் என்று எதிர்பார்த்து அவரை வரவேற்கும் வீட்டாரும் அலுவலகத்தாரும் இதைக் கருத்தில் கொள்வது நல்லது. தங்கள் மாணவர்களை மறுபடி சந்திக்க நேர்ந்தால் இந்தப் பிற்பகுதியையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஐயா.

கேள்வி: வெளிநாட்டுச் சக ஊழியர்கள் சிங்கப்பூர் என்றாலே சுவிங்கம் தடையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஏன்?
வாசகர், ஜூரோங்

பதில்: இறக்குமதிக்கும் விற்பனைக்கும் 1992இல் தடை விதிக்கப்பட்டது. பற்களின் நலனுக்கும் மருத்துவப் பயன்பாட்டிற்கும் உரிய வகைகள் 2004 முதல் நிபந்தனைகளோடு அனுமதிக்கப்பட்டிருக்கின்றன. விந்தையாகத் தோன்றும் ஒரு சட்டம் எளிதில் நினைவில் தங்கும். எளிதில் நினைவில் தங்குவதே முதலில் வாயில் வரும். அவர்களிடம் வருத்தம் கொள்ளாமல், உணவங்காடி நிலையத்திற்கு அழைத்துச் சென்று ஒருவேளை சாப்பாடு வாங்கிக் கொடுங்கள். அடுத்த முறை கேட்பதற்கு அவர்களிடம் வேறு கேள்விகள் இருக்கும்.

கேள்வி: சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்த என் மகள் வேலை நிமித்தம் வரும் அக்டோபரில் சென்னைக்குச் செல்கிறாள். ஈராண்டுகள் தங்க வேண்டியிருக்கும். ஒருநாள் "நம் மொழி பேசும் ஊர்தானே" என்று துள்ளுகிறாள். மறுநாள் செய்திகளைப் பார்த்துவிட்டு அஞ்சுகிறாள். அவளை எவ்வாறு தயார்ப்படுத்துவது?
தந்தை, தெம்பனிஸ்

பதில்: உங்கள் மகளின் துள்ளலும் அச்சமும் ஒரே வகையில் உண்டானவை என்பதே என் கருத்து. அச்சம் கைப்பேசிச் செய்திகளிலிருந்து வருகிறது. விபத்தும் குற்றமும் செய்தியாகும். எதுவும் நேராமல் கோடிக்கணக்கானோர் வேலைக்குச் சென்று வீடு திரும்புவது செய்தியாகாது. தொலைக்காட்சியை மிகுதியாகப் பார்ப்பவர்கள் உலகத்தை உள்ளதைவிட ஆபத்தானதாகக் கருதும் போக்கை ஜார்ஜ் கெர்ப்னர் அமெரிக்காவில் 1970களிலேயே சுட்டிக்காட்டினார்.

துள்ளலின் ஊற்று மொழி. இதைத்தான் நான் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வேன். 2000ஆம் ஆண்டில் யிங்-யி ஹாங்கும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரையில், சீன, மேற்கத்திய மரபுகள் இரண்டிலும் ஊறிய ஹாங்காங் மாணவர்களைப் பற்றிய சோதனைகள் இருக்கின்றன. டிராகன், பெருஞ்சுவர் போன்ற சீன அடையாளங்களைப் பார்த்தவர்களும் அமெரிக்க அடையாளங்களைப் பார்த்தவர்களும் ஒரே படத்தை வெவ்வேறாக விளக்கினார்கள். கூட்டத்துக்கு முன்னால் தனியே நீந்தும் மீனைக் கண்டபோது, முதலாமவர்கள் கூட்டம் அதைச் செலுத்துவதாகச் சொல்ல முற்பட்டார்கள். மற்றவர்கள் அது தன் விருப்பப்படி முன்செல்வதாகச் சொல்ல முற்பட்டார்கள். மேலே ஆசிரியர் ஐயாவுக்குச் சொன்ன எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். ஆயினும் இரு பண்பாடுகளில் வளரும் நம் பிள்ளைகளிடம் இதைப் போன்ற மாற்றத்தை நான் நேரில் கண்டிருக்கிறேன். உங்கள் மகளுக்குத் தமிழ் இதுவரை வீட்டு மொழி. பாட்டியின் மொழி, கோவிலின் மொழி, தீபாவளியின் மொழி. சென்னையில் வீட்டுத் தரகரும், அலுவலக மேலாளரும், ஆட்டோ ஓட்டுநரும் அதே மொழியில் பேசும்போது, உறவினரிடம் எதிர்பார்க்கும் பரிவை அவர் தம்மை அறியாமலேயே அவர்களிடமும் எதிர்பார்க்கக்கூடும். ஜெர்மனிக்குச் செல்பவர் எல்லாம் புதிதாக இருக்கும் என்று விழிப்போடு இறங்குவார். சென்னைக்குச் செல்லும் சிங்கப்பூர்த் தமிழருக்கு அந்த விழிப்பு இயல்பாக வராது. அதை அவரே வருவித்துக்கொள்ள வேண்டும்.

புறப்படுவதற்கு முன் ஒரு தாளில், சென்னையைப் பற்றித் தமக்குத் தெரியும் என்று நினைப்பவற்றை அவர் எழுதட்டும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்பதையும் குறிக்கட்டும்: விடுமுறைப் பயணம், படம், செய்தி, அப்பாவின் பேச்சு. உங்கள் பேச்சின் பங்கைக் கண்டு நீங்களே வியக்க நேரலாம். பிறகு அங்கே இப்போது வசித்து வேலை பார்க்கும் ஒருவரிடம் சாதாரண வேலை நாள் ஒன்றைப் பற்றி மட்டும் கேட்கச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குக் கிளம்புகிறீர்கள், எதில் போகிறீர்கள், வீட்டில் தண்ணீர் எப்போது வருகிறது, காய்ச்சல் என்றால் யாரை அழைப்பீர்கள், ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் என்ன செய்வீர்கள் என்பன போன்ற கேள்விகள் போதும். "சென்னை எப்படி?" என்று கேட்டால், கேட்டவருக்கு ஏற்கெனவே தெரிந்த சென்னையே திரும்பக் கிடைக்கும்.

முதல் சில மாதங்கள் இன்பமாகக் கழியும், சரிவு பிறகுதான் வரும் என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவிற்குச் சென்ற நார்வே நாட்டவர்களைப் பற்றி 1955இல் ஸ்வெரே லிஸ்கார்ட் எழுதிய ஆய்விலிருந்து பரவிய கருத்து அது. ஆனால் நியூசிலாந்துக்குச் சென்ற ஜப்பானிய மாணவர்களைத் தொடர்ந்து கவனித்து, காலீன் வார்டும் சகாக்களும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், மனச்சோர்வு தொடக்கத்திலேயே மிகுதியாகக் காணப்பட்டது. எனவே முதல் மாதத்திலேயே மகள் தொலைபேசியில் அழுதால், வேலையே அவருக்கு ஒத்துவரவில்லை என்று நீங்கள் முடிவு கட்டிவிட வேண்டாம். அந்த மாதத்தில் சற்று அடிக்கடி பேசுங்கள், முடிந்தால் தாயார் சில வாரங்கள் உடன் இருக்கட்டும்.

அக்டோபரில் சென்னையில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும். வாடகைக்கு வீடு பார்க்கும்போது தரகரிடம் கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்தத் தெருவில் மழைநீர் தேங்குமா, தேங்கினால் எத்தனை நாள் நிற்கும் என்று பக்கத்து வீட்டாரிடமும் எதிர்க் கடைக்காரரிடமும் அவர் விசாரித்துக்கொள்ளட்டும்.