ஊட்டிக்கு ஆக்ஸிஜன் கேன் தூக்கிட்டு வரணுமா?

கேள்வி: தூத்துக்குடியிலேருந்து கார்ல ஊட்டி வர்றோம். அம்மாவுக்கு 66 வயசு, பிபி இருக்கு. அப்பாவுக்கு வீசிங். தொட்டபெட்டா, முக்கூர்த்தி பார்க் ரெண்டும் பாக்கணும். போன தடவை குன்னூர் தாண்டுறதுக்குள்ள அம்மாவுக்கு ஒரே வாந்தி. உயரம் ஒத்துக்கலையா? ஆக்ஸிஜன் கேன், மலை நோய்க்குப் போடுற டயமாக்ஸ் மாத்திரை வாங்கிக்கவா?

பதில்: ரெண்டும் வேண்டாங்க. அம்மாவ படுத்துனது கொண்டை ஊசி வளைவு, உயரம் இல்ல. உயரம் ஒத்துக்காம வர்ற மலை நோய் பொதுவா 2,500 மீட்டருக்கு மேலதான் வரும், அதுவும் மேல வந்து ஆறேழு மணி நேரம் கழிச்சு தலைவலி, பசியின்மைன்னு மெதுவாத்தான் ஆரம்பிக்கும், வண்டியிலயே வராது. ஊட்டி 2,240 மீட்டர். லடாக்ல இருக்கிற லே மாதிரி 3,500 மீட்டர்ல நேரா ஃபிளைட்ல போய் இறங்குறவங்களுக்குத்தான் டயமாக்ஸ் பத்தி டாக்டர்ங்க யோசிப்பாங்க. ஆக்ஸிஜன் கேன் சில நிமிஷத்துல காலி, அந்தக் காசுக்கு நல்ல ஸ்வெட்டர் வாங்கலாம்.

வாந்திக்கு, மேட்டுப்பாளையத்துல லேசா இட்லி சாப்டுட்டு அம்மாவ முன் சீட்ல உக்கார வைங்க, ஃபோன் பாக்க விடாதீங்க. டிக்கெட் கிடைச்சா மலை ரயில் இன்னும் நல்லது, 46 கிலோமீட்டருக்கு அஞ்சு மணி நேரம் ஆகும், ஆனா குலுக்கித் திருப்பாது.

அதுக்காக உயரமே ஒண்ணும் பண்ணாதுன்னு இல்ல. ஊட்டியில மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜன் உங்க ஊர்ல கிடைக்கிறதுல முக்கால் பங்குதான், அதனால ரெண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும், விரல்ல மாட்டுற ஆக்ஸிமீட்டர்ல 93, 94னு காட்டும், அத பாத்து பயந்துடாதீங்க, விரல் சில்லுனு இருந்தா இன்னும் தப்பா காட்டும். முதல் நாள் ரூம், மார்க்கெட், டீன்னு இருங்க, தொட்டபெட்டா மறுநாள் போகலாம், 2,637 மீட்டரா இருந்தாலும் உச்சி பக்கத்துல வரைக்கும் கார் போகும்.

எனக்கு கவலை அப்பாவ பத்தித்தான். குளிர்ந்த வறண்ட காத்து வீசிங்க கிளப்பிவிடும், ஊட்டியில காலையில அதுதான் வீசும். இன்ஹேலர் பெட்டிக்குள்ள வேண்டாம், சட்டைப் பையில இருக்கட்டும், வாய் மூக்க மஃப்ளர்ல மூடிக்கணும். அம்மா பிபி மாத்திரைய விடக்கூடாது. நீர் மாத்திரை போட்டா வழியில பாத்ரூம் தேடணுமேன்னு நிறைய அம்மாங்க அதையே நிறுத்திடறாங்க, கேட்டுப் பாருங்க. கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் உங்க டாக்டர ஒரு தடவை பாத்துடுங்க.

முக்கூர்த்திய இந்த ட்ரிப்ல விட்டுடுங்க. அது வரையாடு மேயுற புல்வெளிக் காடு, வனத்துறை அனுமதி வேணும், நடக்கணும், காத்து ஆளைத் தள்ளும், அங்க அப்பாவுக்கு மூச்சு திணறினா ஆஸ்பத்திரி ரொம்ப தூரம்.

சும்மா உக்காந்திருக்கும்போதே மூச்சு வாங்குது, நெஞ்சு வலிக்குது, உதடு நீலமாகுது, பேச்சு குழறுதுன்னா ராத்திரி போகட்டும்னு காத்திருக்காதீங்க, 108 கூப்பிடுங்க. அப்புறம் ஊட்டிக்கு வண்டியில வர்றதுக்கான இ-பாஸ் வீட்லயே எடுத்துட்டு வாங்க, செக்போஸ்ட் க்யூல சிக்னல தேடிட்டு நிக்க வேண்டாம்.