கோ-4 புல் சைலேஜ் சேறாகிப்போனது ஏன்?

கேள்வி: ஐயா, பெங்களூருக்குத் தெற்கே ஆனேக்கல் பக்கம் 6 கறவை மாடு வைத்திருக்கிறேன். மழைக்காலத்தில் மிஞ்சிய கோ-4 புல்லை (கம்பு நேப்பியர் ஒட்டுப்புல்) போன வருடம் பைகளில் சைலேஜ் (காற்றுப் புகாமல் மூடிப் புளிக்கவைக்கும் பசுந்தீவனம்) போட்டேன். தெரிந்தவர் சொன்னார் என்று யூரியாவும் உப்பும் தூவினேன். திறந்து பார்த்தால் அடியில் கறுப்புத் தண்ணீர், சகிக்க முடியாத வாடை. மாடு முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்த முறை பீர் கழிவு, ஸ்வீட் கார்ன் மட்டை, ராகி வைக்கோல் இவற்றில் எதைக் கலக்கலாம்?

பதில்: மாடு சரியாகத்தான் செய்திருக்கிறது. அந்தக் கறுப்புத் தண்ணீரிலேயே உங்கள் கேள்விக்கு விடை இருக்கிறது. மழையில் வளர்ந்த கோ-4 புல்லில் 100 கிலோவுக்கு 80 கிலோவுக்கு மேல் தண்ணீர்தான். சர்க்கரையும் மக்காச்சோளத் தட்டில் உள்ள அளவு கிடையாது. சைலேஜ் கெடாமல் நிற்பது, அது புளிக்கும்போது உருவாகும் லாக்டிக் அமிலத்தால். ஈரம் அதிகமாகி, சர்க்கரையும் குறைந்தால் புளிப்பு வேகமாக ஏறாது. அந்த இடைவெளியில் மண்ணிலும் சாணத்திலும் இருந்து வரும் கெட்ட கிருமிகள் பெருகிப் புரதத்தை அழுகவைக்கின்றன. நீங்கள் முகர்ந்த நாற்றம் அதுதான். யூரியா அம்மோனியாவாக மாறி, உருவாகும் கொஞ்ச நஞ்ச அமிலத்தையும் முறித்துவிடும். மக்காச்சோள சைலேஜுக்குச் சொன்ன யோசனையை ஈரப் புல்லுக்குப் போட்டிருக்கிறீர்கள். உப்பால் கெடுதல் இல்லை, ஆனால் சைலேஜைக் காப்பாற்றுவது அது அல்ல.

நீங்கள் கேட்ட மூன்றில் என் ஓட்டு ராகி வைக்கோலுக்கு. கணக்கு இதோ. சைலேஜுக்கு உலர்பொருள், அதாவது தண்ணீர் போக மிஞ்சும் பகுதி, ஏறக்குறைய 30 சதவீதம் வேண்டும். உங்கள் புல்லில் 18 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியே வெட்டிப் போட்டால் 1 டன் புல்லுக்கு 200 கிலோ காய்ந்த வைக்கோல் தேவை. அறுத்து வெயிலில் வாடவிட்டு 25 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால், வாடிய புல் 1 டன்னுக்கு 80 கிலோ சொச்சம் போதும். வைக்கோல் ஏற ஏறத் தீவனத்தின் சத்து இறங்கும். அதனால் வெயில் கிடைக்கும் நாளில் முதலில் வாடவிடுங்கள், மீதிக்கு மட்டும் வைக்கோல். வானம் இடம் கொடுக்காவிட்டால் வேறு வழியில்லை, கூடுதலாகப் போட்டுத்தான் ஆகவேண்டும். உங்கள் பக்கத்தில் 'ராகி ஹுல்லு' என்று கேட்டால்தான் சட்டென்று கிடைக்கும், அது உங்களுக்கே தெரியும். பூசணம் பிடித்த பழைய போர் மட்டும் வேண்டாம்.

வைக்கோலில் புளிக்கவைக்கும் சர்க்கரை கிடையாது. ஆகவே டன்னுக்கு 20 முதல் 30 கிலோ மொலாசஸ் (சர்க்கரை ஆலையில் மிஞ்சும் கரும்புப் பாகு) சேர்க்க வேண்டும். ஓடும் பதத்துக்குக் கொஞ்சமே தண்ணீர் விட்டுப் பூவாளியால் ஒவ்வொரு அடுக்கிலும் தெளியுங்கள். சேலம் பக்கம் உறவினர் இருந்தால் காய்ந்த மரவள்ளித் திப்பி (கிழங்கில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கை) கேட்டுப் பாருங்கள். ஈரத்தை நன்றாக உறிஞ்சும், மாவுச்சத்தும் உண்டு. வைக்கோலில் ஒரு பங்குக்குப் பதிலாக அதைப் போடலாம்.

பீர் கழிவு நல்ல புரதத் தீவனம்தான். ஆனால் அதிலும் முக்கால் பங்கு தண்ணீர். ஈரப் புல்லோடு சேர்த்தால் போன வருடத்துச் சேறு இரட்டிப்பாகும். வாங்கிய ஓரிரு நாளில் தனியாகக் கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். ஸ்வீட் கார்ன் மட்டையில் இனிப்பு உண்டு, வாடவைத்துக் கலந்தால் நன்றாகவே புளிக்கும். கழிவு என்று இளக்காரமாகப் பார்க்க வேண்டியதில்லை. பெங்களூரு அடுகோடியில் இருக்கும் தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் ஜூஸ் ஆலைகள் தள்ளும் அன்னாசித் தோலையும் கொண்டையையுமே சைலேஜாக்கிக் காட்டியிருக்கிறது.

புல்லை 45, 50 நாளில் அறுங்கள். புல்லையும் வைக்கோலையும் 2, 3 செ.மீ. துண்டாக வெட்டிக் கலந்து, ஒரு பிடி எடுத்து அரை நிமிடம் இறுக்கிப் பிடியுங்கள். விரல் இடுக்கில் தண்ணீர் சொட்டினால் இன்னும் ஈரம். கையைத் திறந்ததும் உருண்டை மெல்ல அவிழ்ந்து, உள்ளங்கை லேசாக நனைந்திருந்தால் அதுதான் பதம். கோ-4 தண்டு தடிமன், இடையில் காற்று நிறைய நிற்கும். அரை அடி அடுக்குக்கு ஒருமுறை மிதித்து, அன்றைக்கே கட்டி மூடிவிடுங்கள். பாதி நிரப்பிவிட்டு மறுநாளைக்குத் தள்ளுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. பையை எலி கடிக்காத இடத்தில் வையுங்கள். ஒரு சின்ன ஓட்டை போதும், பை முழுக்கப் பூசணம் ஏறிவிடும்.

45 நாள் கழித்துத் திறங்கள். இளமஞ்சள் கலந்த பச்சை நிறமும் புளித்த பழ வாசனையும் இருந்தால் கொடுக்கலாம். பூசணம் பிடித்ததை மாட்டுக்குக் காட்டவே வேண்டாம், அதன் நஞ்சு பாலிலும் இறங்கும். முதல் நாள் 2 கிலோவில் தொடங்கி ஒரு வாரத்தில் 10, 15 கிலோவரை ஏற்றுங்கள். பால் கறந்த பிறகே வையுங்கள். கறக்கும் முன் வைத்தால் பாலில் சைலேஜ் வாடை ஏறி, வாடிக்கைக்காரர் வாசலுக்கே வந்துவிடுவார்.