டீமில் இடமா, கம்பெனியில் வேலையா?

அன்புள்ள அம்மா,

நேற்று போனில் நீங்கள் பேசி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. எனக்குப் புரிந்தவரை விஷயம் இதுதான்: உங்கள் மகன், நம் தம்பி, பி.காம். இரண்டாம் ஆண்டு. ஆறடி நாலு அங்குல உயரம். வெளிமாநிலக் கம்பெனி ஒன்று தன் கூடைப்பந்து டீமுக்கு அவனைக் கூப்பிடுகிறது. மாதாமாதம் பணம், தங்க இடம், சாப்பாடு, ஷூ எல்லாம் தருகிறார்கள். ஆனால் அடுத்த மாதமே வந்து சேர வேண்டும், கல்லூரியை நிறுத்த வேண்டும். "இவ்வளவு பெரிய கம்பெனியில் வேலை தேடி வருது, விடலாமா?" என்கிறார் உங்கள் வீட்டுக்காரர். உங்களுக்கு மனசு ஒப்பவில்லை.

அவர் சொன்ன 'வேலை' என்ற வார்த்தைதான் எனக்கு உறுத்துகிறது. இதே மாதிரிக் கேள்வியோடு வருகிறவர்களிடம் ஒரு பிஸ்டன் ஆலையின் கதையைச் சொல்வது என் வழக்கம். கொஞ்சம் நீளமான கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தில் ஃபோர்ட் வெய்ன் என்றொரு ஊர். அங்கே ஃப்ரெட் சோல்னர் என்பவரும் அவருடைய சகோதரி ஜேனட்டும் சேர்ந்து ஒரு ஆலை வைத்திருந்தார்கள். கார், லாரி இன்ஜின்களுக்கு பிஸ்டன் வார்க்கும் ஆலை. நம் கோவையில் பவுண்டரி பார்த்தவர்களுக்கு அந்தச் சூடும் கரியும் தெரியும். ஆலைக்கென்று ஒரு கூடைப்பந்து டீம் இருந்தது. அந்தக் காலத்தில் அதில் அதிசயம் எதுவுமில்லை. 1937-ல் தொடங்கிய தேசிய கூடைப்பந்து லீகையே முன்னின்று நடத்தியவை குட்இயர், ஃபயர்ஸ்டோன் என்ற டயர் கம்பெனிகளும் ஜெனரல் எலெக்ட்ரிக்கும்தான். முதல் கோப்பை 1938-ல் குட்இயருக்கு. அடுத்த இரண்டும் ஃபயர்ஸ்டோனுக்கு. அப்புறம் 1941-ல் ஃபயர்ஸ்டோனும் 1942-ல் குட்இயரும் லீகை விட்டே போய்விட்டன. இரண்டு முறை கோப்பை வாங்கியும் ஃபயர்ஸ்டோன் டீம் தப்பவில்லை. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபயர்ஸ்டோன் போன அதே 1941-ல் சோல்னர் தன் டீமை லீகில் இறக்கினார். பெயர் சோல்னர் பிஸ்டன்ஸ். ஆட்டக்காரர்களின் பெயர்கள் ஆலையின் சம்பளப் பட்டியலிலேயே இருந்தன. ஆரம்பத்தில் ஆடியது பெரிய அரங்கத்தில் இல்லை, ஊர் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆட்டக்கூடத்தில். அங்கிருந்துதான் 1944, 1945 லீக் கோப்பைகளை எடுத்தார்கள். சிகாகோவில் நடந்த உலகத் தொழில்முறைப் போட்டியை 1944 முதல் 1946 வரை தொடர்ந்து மூன்று முறை வென்றார்கள். டீமின் நட்சத்திரம் பாபி மெக்டெர்மட், கல்லூரிக்குப் போகாமலே தொழில்முறை ஆட்டத்துக்கு வந்தவர். அவரும் 1946-47 பருவத்தில் வேறு டீமுக்குக் கைமாற்றப்பட்டார்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் இன்னும் வேடிக்கையானது. சிகாகோ அமெரிக்கன் கியர்ஸ். அதுவும் கம்பெனி டீம்தான், பல்சக்கரம் செய்கிற கம்பெனி. முதலாளி மாரிஸ் ஒயிட். ஜார்ஜ் மைக்கன் என்ற நெட்டை ஆட்டக்காரரைப் பிடித்துப்போட்டு 1947-ல் லீக் கோப்பையை வென்றார்கள். மைக்கன் கையில் இருக்கும்போது இந்த லீக் எதற்கு என்று முதலாளிக்குத் தோன்றிவிட்டது. டீமை வெளியே இழுத்து, 16 டீம்களோடு சொந்தமாக ஒரு லீக் ஆரம்பித்தார். ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. பழைய லீகும் திரும்பச் சேர்த்துக்கொள்ளவில்லை. வசந்தத்தில் கோப்பை வாங்கிய டீம் அந்த வருடம் முடிவதற்குள் இல்லாமலே போய், ஆட்டக்காரர்களை மற்ற டீம்கள் பங்கு போட்டுக்கொண்டன. மைக்கன் மினியாபொலிஸ் லேக்கர்ஸுக்குப் போனார். அவர் ஆடிக்கொண்டே சட்டப் படிப்பை முடித்தவர்; ஆட்டம் ஓய்ந்தபின் வக்கீலாகத் தொழில் செய்தார். இந்த வரியைத் தம்பிக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சோல்னர் கதைக்கு வருவோம். 1948-ல் டீம் பெரிய நகரங்களின் லீகுக்கு மாறியது. அப்போது பெயரிலிருந்து 'சோல்னர்' உதிர்ந்து வெறும் ஃபோர்ட் வெய்ன் பிஸ்டன்ஸ் ஆனது. மறுவருடம் இரண்டு லீகும் ஒன்றாகி, இன்று தொலைக்காட்சியில் பார்க்கிறோமே, அந்த அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. பிறந்தது, அந்தப் பேச்சு சோல்னர் வீட்டுச் சமையலறை மேசையில் நடந்தது என்பார்கள். 1950 நவம்பர் 22-ம் தேதி மினியாபொலிஸில் நடந்த ஆட்டத்தை மட்டும் சொல்லாமல் விட முடியாது. மைக்கனுக்குப் பந்தே போகக் கூடாதென்று பிஸ்டன்ஸ்காரர்கள் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காசு கொடுத்து வந்த கூட்டம் கத்தித் தீர்த்தது. கடைசியில் 19-18 என்று பிஸ்டன்ஸ் ஜெயித்தது. என்.பி.ஏ. வரலாற்றிலேயே மிகக் குறைந்த புள்ளிகள் எடுத்த ஆட்டம் அதுதான். லேக்கர்ஸின் 18-ல் 15 மைக்கனுடையது. இப்படிப்பட்ட ஆட்டங்களால்தான் 1954-ல் 24 விநாடிக்குள் பந்தைக் கூடைக்கு எறிய வேண்டும் என்ற விதி வந்தது. தம்பிக்கு இது தெரிந்திருக்கும்.

1955-ல் இறுதிச் சுற்றுக்கே போனார்கள். சொந்த ஊர் அரங்கத்தில் அப்போது பௌலிங் (பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் ஆட்டம்) போட்டிக்கு முன்பே இடம் கொடுத்துவிட்டதால், 'சொந்த ஊர்' ஆட்டங்களை இண்டியானாபொலிஸில் ஆட வேண்டியிருந்தது. ஏழாவது ஆட்டத்தில் 92-91, ஒரே ஒரு புள்ளியில் சிரக்யூஸிடம் கோப்பை போனது. அடுத்த வருடமும் இறுதியில் தோல்வி. ஃபோர்ட் வெய்ன் சின்ன ஊர், பெரிய நகரங்களின் வசூலுக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 1957-ல் சோல்னர் டீமை டெட்ராய்ட்டுக்கு மாற்றிவிட்டார். கார் செய்கிற ஊர் என்பதால் பிஸ்டன்ஸ் என்ற பெயர் அங்கே கச்சிதமாகப் பொருந்தியது. 1974-ல் டீமையே விற்றுவிட்டார். பிற்பாடு 1989, 1990, 2004-ல் கோப்பை வென்ற டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் இதே டீம்தான். தொலைக்காட்சியில் பார்க்கிறவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் ஒரு பவுண்டரியிலிருந்து வந்ததென்று தெரியும்?

சோல்னரை நான் குறை சொல்லவில்லை. பணத்தையும் பாசத்தையும் கொட்டி டீமை வளர்த்த மனிதர். ஆனால் டீம் பெரிதாகப் பெரிதாக ஆலைக்கும் ஆட்டக்காரனுக்கும் இருந்த கயிறு அறுந்துகொண்டே போனது.

கயிறு அறாத கதையும் உண்டு. ஓக்லஹோமா மாநிலத்து பார்ட்டில்ஸ்வில் ஊரில் ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் என்ற எண்ணெய்க் கம்பெனி, ஃபிலிப்ஸ் 66-ஏர்ஸ் என்று ஒரு டீம் வைத்திருந்தது. பேருக்கு அமெச்சூர் டீம். ஆட்டத்துக்குச் சம்பளம் கிடையாது. கம்பெனியில் செய்யும் உத்தியோகத்துக்குத்தான் சம்பளம். கல்லூரி ஆட்டத்தில் 1945, 1946 இரண்டு வருடமும் தேசியக் கோப்பை வாங்கிய ஏழடி பாப் கர்லாண்டைத் தொழில்முறை டீம்கள் விரும்பிக் கேட்டன. அவர் போகவில்லை, ஃபிலிப்ஸில் சேர்ந்தார். 1948, 1952 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம் வாங்கினார். ஆட்டத்தை விட்ட பிறகும் அதே கம்பெனியில் விற்பனைப் பிரிவில் உயர்ந்து அங்கேயே ஓய்வுபெற்றார். அந்த டீமை 1968-ல் கம்பெனி கலைத்துவிட்டது. கர்லாண்டின் நாற்காலிக்கு அதனால் எதுவும் ஆகவில்லை.

இங்கே நம் பக்கத்திலும் இரண்டு வகையும் உண்டு. இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ரயில்வே போன்ற டீம்களில் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில், அதாவது விளையாட்டு வீரர்களுக்கான ஒதுக்கீட்டில், நிரந்தர வேலைக்கு எடுக்கப்பட்டவர்கள் ஆடுகிறார்கள். முழங்கால் போனாலும் நாளைக்கு அலுவலகம் போகலாம். இன்னொரு வகை ஒப்பந்தம், ஸ்டைபண்ட் என்ற மாத உதவித்தொகை. சட்டையில் கம்பெனி பெயர் இருக்கும், கம்பெனியின் பதிவேட்டில் ஆள் பெயர் இருக்காது.

நானும் அந்த இரண்டாவது வகைதான். 1990-களில் ஒரு மில் டீமில் இரண்டு வருடம் ஆடினேன். டீமில் பாதிப் பேர் மஸ்டர் ரோலில், அதாவது மில்லின் வருகைப் பதிவேட்டில், பெயர் உள்ள தொழிலாளிகள். மீதிப் பேர் மாதக் கடைசியில் வவுச்சரில் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குகிறவர்கள். மைதானத்தில் வித்தியாசமே தெரியாது. புது மேனேஜர் வந்த ஒரு திங்கட்கிழமை டீம் போதும் என்றார்கள். ஃபிட்டராக இருந்த எங்கள் கேப்டன் வழக்கம்போல ஷிஃப்டுக்குப் போனார். நான் பந்து வைக்கிற அறையின் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். இரண்டு மாதம் கழித்து அவரைப் பார்க்கப் போனபோது, என் 9-ம் எண் பனியனால் யாரோ மிஷின் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

சரி, தம்பி விஷயம். கம்பெனி அனுப்பிய தாளில் பதவியின் பெயர் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். 'ஆட்டக்காரர்' என்று மட்டும் இருந்தால் அது டீமில் இடம். கிளார்க், அசிஸ்டென்ட் என்று ஏதாவது பதவி, பி.எஃப்., தகுதிகாண் காலம் எல்லாம் இருந்தால் அது வேலை. எத்தனை மாதம் என்று போட்டிருக்கிறதா? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது, அடிபட்ட மாதங்களுக்குப் பணம் உண்டா? தொலைபேசியில் சொன்னதையெல்லாம் எழுத்தில் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று பயப்பட வேண்டாம்; கோபித்தால் அதுவே பதில்.

அப்புறம் கல்லூரி. இதை உங்கள் வீட்டுக்காரரிடம் நிதானமாகச் சொல்லுங்கள். தம்பி படித்துக்கொண்டிருந்தால்தான் பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆட முடியும். மத்திய அரசு வேலைகளின் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அந்தப் போட்டிச் சான்றிதழுக்கு மதிப்பு உண்டு, படிவம் 3 என்பார்கள். இன்று கல்லூரியை விட்டால் அந்த வாசல் அன்றே சாத்திவிடும். ரயில்வேயில் இந்தக் கோட்டாவுக்கு வயது 18 முதல் 25 வரைதான், தளர்வு கிடையாது. அவனுக்கு இன்னும் காலம் இருக்கிறது. எந்தப் பதவி நிலையில் எடுப்பார்கள் என்பதை ஆட்டத்தோடு படிப்பும் சேர்ந்துதான் தீர்மானிக்கும்.

போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கோடை விடுமுறையில் அவர்கள் முகாமுக்கு அனுப்ப முடியுமா, பட்டம் முடிந்ததும் சேர்த்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். ஆறடி நாலு அங்குலம் ஒரு வருடத்தில் குறைந்துவிடாது.

வியாழக்கிழமை நாலு மணிக்கு மேல் நான் இருப்பேன். தம்பியையும் அவன் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கம்பெனித் தாளின் எல்லாப் பக்கமும் வேண்டும், பின்பக்கப் பொடி எழுத்து உட்பட. பள்ளியில் மாநில அளவில் ஆடியதாகச் சொன்னீர்களே, அந்தச் சான்றிதழ்களின் அசலும் எடுத்து வாருங்கள். லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள்.