பதில்: பூவேலை செய்த விக்டோரியன் மேசையில் வெனீர் உரிகிறது, ஃபெவிக்கால் போடலாமா?

வேண்டாங்க. லண்டன் ஏலத்தில் எடுத்த வால்நட் மேசை, மேற்பலகை சாயும், நடுவில் ஒற்றைக்கால் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் 'லூ டேபிள்'. லூ என்பது அந்தக் காலச் சீட்டாட்டம்.

அந்தக் காலத்தில் வெனீரை, அதாவது மேலே ஒட்டும் மெல்லிய மரத்தகட்டை, ஒட்டியது வச்சிரத்தில், அதாவது தோல், எலும்பைக் காய்ச்சிய பசையில். அது சூடும் ஈரமும் பட்டால் இளகும், பின்னால் எப்போது வேண்டுமானாலும் பிரித்து ஒட்டலாம். ஃபெவிக்கால் போட்டுவிட்டால் அந்த வசதி போய்விடும். உரிந்த இடத்தின் அடியில் வெந்நீர் தொட்ட தூரிகையை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் வச்சிரம்தான்.

60 டிகிரிச் சூட்டில் இளக்கிய வச்சிரத்தை ஊசியால் உள்ளே செலுத்துங்கள், கொதிக்க விடாதீர்கள். மேலே மெழுகுத்தாள், அதன்மேல் பலகை, பிறகு கனம். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும்.

அப்புறம், உப்புத்தாள் பக்கமே போக வேண்டாம். பூவேலை என்பது சிறு மரத்துண்டுகளைப் பூ வடிவில் வெட்டிப் பதித்தது. அதில் ரோஜா இதழ் இருந்தால், அதன் ஓரத்தில் பழுப்பு நிழல் தெரிகிறதா? அது சாயமாக இருக்காது. சூடான மணலில் அந்தச் சிறு மரத்துண்டின் விளிம்பைச் செருகிக் கருக்கியிருப்பார்கள். இலை நரம்புகள் மேலாகக் கீறிய கோடுகள். நாலு முறை தேய்த்தால் கோடுகள் போய்விடும், நிழலும் வெளுக்கும். அந்தக் கைவேலையைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

பசையை இளக்க இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம். மேலே இருப்பது அரக்கு மெருகு என்றால் வெள்ளை பூத்துவிடும்.

உதிர்ந்த துண்டுகளை ஒரு உறையில் போட்டு வையுங்கள், ஒன்றையும் எறியாதீர்கள்.