சொட்டுநீர்ப் பாசனத்தில் கடைசி டிரிப்பர்களில் (நீர் சொட்டும் முனைகளில்) மட்டும் சொட்டு நிற்கிறதா?

மோட்டாரை மாற்றாதீங்க. ஃபில்டரைக் கழுவிய பிறகும் கடைசி டிரிப்பர்கள் வெள்ளையாகப் படிந்து அடைக்கிறது என்றால், பெரும்பாலும் போர் தண்ணீரின் சுண்ணாம்புதான். அது கரைந்தே வருவதால் ஃபில்டரில் சிக்காது, டிரிப்பர் வாயில் தண்ணீர் காயும்போது படியும்.

ஒன்றைக் கழற்றி வினிகரில் போட்டுப் பாருங்க. நுரைத்தால் சுண்ணாம்பு. வழவழப்பாக இருந்தால் பாசி. அதற்குக் குளோரின்தான், அமிலம் போதாது.

சுண்ணாம்பு என்றால்:
1. லேட்டரல் (டிரிப்பர்கள் உள்ள பக்கக் குழாய்) முனைகளைத் திறந்து, தெளிந்த நீர் வரும்வரை ஓடவிட்டு மூடுங்க.
2. வென்சுரி (குழாய்த் தண்ணீரில் உரம், மருந்தை உறிஞ்சிக் கலக்கும் கருவி) வழியே ஹைட்ரோகுளோரிக் அமிலம் விடுங்க, கடைசி டிரிப்பரில் பி.எச். (அமிலத்தன்மை அளவு) 4 வரும்வரை.
3. மோட்டாரை நிறுத்தி 24 மணி நேரம் கழித்து அலசுங்க.

தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்றணும், மாற்றி ஊற்றினால் தெறிக்கும். பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கவே சேர்க்காதீங்க, விஷவாயு வரும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீங்க.