டெக்சாஸ் மாதிரி ஒரு பழமைவாத மாநிலம் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கலாமா?

கேள்வி கேட்டவர், டெக்சாஸில் வசிப்பவர்கள் பதில் சொன்னால் நல்லது என்று எழுதியிருந்தார். டல்லாஸுக்கு வடக்கே உள்ள புறநகர் ஒன்றில் பதினேழு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன், அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

ஆக்கலாம். ஆனால் கஞ்சாவைக் கஞ்சத்தனமாகத்தான் திறந்துவிட வேண்டும். (சிலேடைக்கு மன்னிக்கவும், இந்த ஒன்றோடு நிறுத்திக்கொள்கிறேன்.) எனக்கு சிகரெட் பழக்கம்கூடக் கிடையாது. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அதனால் நான் புகை விரும்பிகள் சங்கத்து ஆள் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 'ஆக்கலாமா' என்று கேட்டால் இதுவரை ஆக்கவில்லை என்று பொருள். எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு கடைவரிசை இருக்கிறது. இந்திய மளிகைக் கடை, அடுத்து கணக்கு டியூஷன் சென்டர், அதற்கடுத்து பச்சை இலை நியான் விளக்கு எரியும் ஒரு கடை. அங்கே போதை தரும் ஜெல்லி மிட்டாய் டப்பா டப்பாவாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். இதே மாநிலத்தில் ஒரு சிட்டிகை கஞ்சா இலை பையில் இருந்தால் சிறை. இது எப்படி?

2018 கடைசியில் அமெரிக்காவின் மத்திய விவசாயச் சட்டம் 'ஹெம்ப்' பயிரை அனுமதித்தது. ஹெம்ப்பும் கஞ்சாவும் ஒரே செடிதான். டெல்டா-9 டிஎச்சி என்கிற போதைப்பொருள், காய்ந்த எடையில் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் ஹெம்ப், அதைத் தாண்டினால் கஞ்சா. நாருக்கும் எண்ணெய்க்கும் ஒரு பயிர் கிடைக்கட்டும், விவசாயி பிழைக்கட்டும் என்று டெக்சாஸும் 2019-இல் அதே வரையறையை எடுத்துக்கொண்டது. அந்த 0.3 சதவீதத்தைச் செடிக்கு வைத்தார்கள், மிட்டாய்க்கு என்ன ஆகும் என்று யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை போலிருக்கிறது. நான்கு கிராம் எடையுள்ள மிட்டாயில் 0.3 சதவீதம் என்றால் 12 மில்லிகிராம். கஞ்சாவை வெளிப்படையாக விற்கும் கொலராடோவில் ஒரு வேளைக்கு என்று வைத்திருக்கும் அளவே 10 மில்லிகிராம்தான்! இது போதாதென்று டெல்டா-8 என்ற பங்காளிச் சரக்கும் வந்தது. டிஎச்சிஏ என்ற பெயரில் பூவாகவே விற்பதும் வந்தது. அதைச் சூடாக்கினால், அதாவது பற்ற வைத்தால், அதே பழைய டிஎச்சிதான். ஆறே வருடத்தில் இப்படி விற்கும் கடைகள் மாநிலம் முழுக்க சுமார் 8,000 ஆகிவிட்டன. பல வருடம் இதற்கு மாநில அளவில் வயது வரம்புகூட இல்லை. பதினேழு வயதுப் பையனுக்கு விற்கக் கூடாது என்று கடைக்காரராகப் பார்த்து முடிவு செய்தால்தான் உண்டு.

ஆக, டெக்சாஸ் கஞ்சாவை ஏற்கெனவே அனுமதித்துவிட்டது. அனுமதித்ததை ஒப்புக்கொள்ளாமல், விதிமுறை இல்லாமல், தூக்கத்தில் கையெழுத்துப் போட்டது போல அனுமதித்துவிட்டது.

சரி, சட்டத்தின் இன்னொரு பக்கத்துக்கு வருவோம். இரண்டு அவுன்ஸுக்குக் குறைவாக, அதாவது சுமார் 56 கிராம் வரை, கஞ்சா இலை வைத்திருந்தால் 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். 1973-க்கு முன்பு இருந்ததோடு ஒப்பிட்டால் இது கருணை. அப்போது எவ்வளவு குறைவாக வைத்திருந்தாலும் இரண்டு வருடம் முதல் ஆயுள் வரை கொடுக்கலாம். ஆனால் அதே கஞ்சா எண்ணெய் வடிவில், வேப் பேனாவுக்குள் (மின்சிகரெட் மாதிரி இழுக்கும் பேனா) இருந்தால் கதை வேறு. ஒரு கிராமுக்குக் குறைவாக இருந்தாலும் அது பெருங்குற்றம், ஆறு மாதம் முதல் இரண்டு வருடம் வரை சிறை. ஐம்பது கிராம் இலையை விட அரைக் கிராம் எண்ணெய் பெரிய குற்றம்.

இதை நான் சட்டப் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. நண்பர் ஒருவரின் மகன், கல்லூரி இரண்டாம் ஆண்டு. பனிச்சறுக்குக்கு என்று கொலராடோ போனார்கள். அங்கே இந்தப் பேனாவை வாங்குவது பீர் வாங்குவது மாதிரி (வயதுக் கணக்கில் ஏதோ தில்லுமுல்லு நடந்திருக்க வேண்டும், நான் நோண்டிக் கேட்கவில்லை). திரும்பி வரும்போது எல்லை தாண்டியதும் ஒரு சிறு ஊரில் வேகத்துக்காக வண்டியை நிறுத்தினார்கள். வாசனை வருகிறது என்று வண்டியைச் சோதித்ததில் இரண்டு பையன்களிடம் ஆளுக்கொரு பேனா. ஓர் இரவு லாக்கப். கூட இருந்த பையன் அமெரிக்கக் குடிமகன். குற்றத்தை ஒப்புக்கொண்டு, சமூக சேவை செய்து, வகுப்புக்குப் போய், வழக்கை முடித்துக்கொள்ளும் ஏற்பாட்டில் ஆறே மாதத்தில் வெளியே வந்துவிட்டான். விசாவில் இருந்த நண்பர் மகனுக்கும் அதே சலுகையைத்தான் கொடுத்தார்கள். குடியேற்ற வழக்கறிஞர்தான், தொடவே தொடாதே என்று தடுத்தார். மாநிலத்துக்கு அது தண்டனை இல்லை, ஆனால் குற்றத்தை ஒப்புக்கொண்ட ஏற்பாட்டைக் குடியேற்றச் சட்டம் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும். அதனால் சலுகையை மறுத்துவிட்டு வழக்கை நடத்தினார்கள். பதினான்கு மாதம். கடைசியில் தள்ளுபடி ஆனது. அந்தப் பதினான்கு மாதத்தில் நண்பரின் தலைமுடி முழுக்க நரைத்துவிட்டது.

அவர்களைப் பிடித்த நெடுஞ்சாலையிலேயே பெட்ரோல் பங்குகளில் டெல்டா-8 பேனா கல்லாவுக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இது 2022-இல்.

நம் ஊரில் 'கஞ்சா கேஸ் போட்டு உள்ளே தள்ளிடுவேன்' என்று மிரட்டுவார்கள் இல்லையா, அந்த மிரட்டலின் பலம் கஞ்சாவில் இல்லை. யார் மேல் வேண்டுமானாலும் போடலாம், போடாமலும் விடலாம் என்பதில்தான் இருக்கிறது. டெக்சாஸ் இப்போது அந்த நிலையில்தான் இருக்கிறது. 2019 சட்டத்துக்குப் பிறகு, பிடித்தது ஹெம்ப்பா கஞ்சாவா என்று அளந்து சொல்ல ஆய்வகங்களிடம் வசதி இல்லாததால், பல கவுண்டிகளின் (நம் மாவட்டம் மாதிரி) அரசு வழக்கறிஞர்கள் சிறு வழக்குகளைக் கைவிட்டார்கள். சிலர் விடவில்லை. ஆஸ்டின் நகர மக்கள் 2022-இல், சிறு அளவுக்குக் கைது வேண்டாம் என்று வாக்களித்தார்கள். டல்லாஸ் 2024-இல் அதையே செய்தது. மாநில அட்டர்னி ஜெனரல் கென் பாக்ஸ்டன் இரண்டு நகரங்கள் மீதும் வழக்குப் போட்டார். அதே 2024-இல் லப்பக் நகர மக்கள் இதே போன்ற தீர்மானத்தைத் தோற்கடித்தார்கள். ஆக, உங்கள் மகன் சிறைக்குப் போவதும் வீட்டுக்கு வருவதும் எந்த ஊர் எல்லையில் வண்டி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. சட்டம் ஒழுங்கு என்று மூச்சுக்கு முந்நூறு தடவை பேசுகிற பழமைவாதிக்கு முதலில் உறுத்த வேண்டியது இதுதான்.

உறுத்தவும் செய்தது. பழமைவாதிகள் எல்லோரும் ஒரே குரலில் எதிர்க்கிறார்கள் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். ஆளுநராக இருந்த ரிக் பெர்ரி 2014-இலேயே, சிறையைக் குறைத்து குற்றமற்றதாக்கும் திசையில் போகிறோம் என்று டாவோஸ் உலகப் பொருளாதார மாநாட்டில் பேசினார். டெக்சாஸ் குடியரசுக் கட்சியின் 2018 கொள்கை அறிக்கையில், ஒரு அவுன்ஸ் வரை சிறை வேண்டாம், 100 டாலர் அபராதம் போதும் என்று எழுதியிருந்தார்கள். அடுத்த வருடம் கீழவையில் அந்தத் திசையில் ஒரு மசோதா பெரும்பான்மையோடு நிறைவேறியது. மேலவையை நடத்தும் துணை ஆளுநர் டான் பாட்ரிக், இது மேலவையில் செத்துவிட்டது என்று ட்விட்டரில் ஒரு வரி எழுதி முடித்துவைத்தார். 2025-இல் அதே பாட்ரிக், ஹெம்ப் போதைப் பொருட்கள் அத்தனையையும் தடை செய்யும் மசோதாவை நிறைவேற்ற வைத்தார். ஆளுநர் கிரெக் அபாட் ஜூன் 22 இரவு, கெடு முடியச் சில நிமிடங்களுக்கு முன்பு அதை ரத்து செய்தார். இருவரும் ஒரே கட்சி! மதுவைப் போல ஒழுங்குபடுத்துங்கள் என்றார் அபாட். சட்டசபையைச் சிறப்புக் கூட்டத்துக்குக் கூப்பிட்டும் ஒன்றும் நகராததால், 21 வயது நிறைந்தவர்களுக்கு மட்டும், அடையாள அட்டை பார்த்து விற்க வேண்டும் என்று செப்டம்பரில் தானே ஓர் ஆணை போட்டார். பிறகு நவம்பரில் மத்திய அரசு அந்த ஹெம்ப் வரையறையையே இறுக்கி, ஒரு டப்பாவுக்கு மொத்தம் 0.4 மில்லிகிராம் டிஎச்சிதான் என்று சட்டம் போட்டு ஓராண்டு அவகாசம் கொடுத்தது. கடைக்காரர்கள் தலையில் துண்டு.

அப்படியானால் முழுசாகத் திறந்துவிடலாமே என்பவர்களுக்கு ஓக்லஹோமாவைக் காட்டுவேன். எங்கள் வீட்டிலிருந்து 35-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஒரு மணி நேரம் போனால் ரெட் ரிவர். டெக்சாஸில் சூதாட்ட விடுதிக்குத் தடை என்பதால், ஆற்றைத் தாண்டியதும் பிரம்மாண்டமான ஒரு காசினோ, வண்டி நிறுத்துமிடம் முழுக்க டெக்சாஸ் எண்பலகைகள். அதன் பக்கத்திலேயே கஞ்சா கடைகள். ஓக்லஹோமா டெக்சாஸை விடப் பழமைவாத மாநிலம். 2018 ஜூனில் மக்கள் வாக்கெடுப்பில் மருத்துவக் கஞ்சாவை 57 சதவீதம் பேர் ஆதரித்தார்கள். இன்ன நோய்க்குத்தான் என்ற பட்டியல் இல்லை. இத்தனை கடைதான் என்ற வரம்பு அப்போது இல்லை. தொழில் உரிமத்துக்குக் கட்டணம் 2,500 டாலராக இருந்தது. நாற்பது லட்சம் மக்கள் உள்ள மாநிலத்தில் பத்தில் ஒருவர் 'நோயாளி' அட்டை வாங்கினார். உரிமம் பெற்ற பண்ணைகள் ஒரு கட்டத்தில் 9,000-ஐத் தொட்டன. ஊர்க்காரர் பெயரில் உரிமம், வெளியாள் முதலீடு, சரக்கு வேறு மாநிலக் கறுப்புச் சந்தைக்கு என்று தொழில் நடந்தது. 2022 நவம்பரில் கிங்ஃபிஷர் கவுண்டியில் ஒரு பண்ணையில் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். நான்கு மாதம் கழித்து, எல்லோருக்கும் கஞ்சா என்ற அடுத்த வாக்கெடுப்பு வந்தபோது 77 கவுண்டிகளும் வேண்டாம் என்றன. ஒன்றுகூட மிச்சமில்லை.

அந்த மக்கள் மனம் மாறியது கஞ்சா பிடிக்காமல் போனதால் என்று நான் நினைக்கவில்லை. தண்ணீர் திருட்டு, ஆடு மேய்ந்த நிலத்தில் முளைத்த பிளாஸ்டிக் கூடாரங்கள், அடையாளம் தெரியாத ஆட்கள், இதைப் பார்த்துத்தான்.

வரி வருமானம் வரும் என்று சொல்பவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு. கொலராடோ 2014 முதல் பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது, உண்மைதான். டெக்சாஸின் இரண்டாண்டு பட்ஜெட் 30,000 கோடி டாலரைத் தாண்டியது. யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதைவிட, போதையில் வரும் காசு அரசாங்கத்தை என்ன செய்யும் என்று டாஸ்மாக் பார்த்து வளர்ந்தவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2003-இல் சில்லறை விற்பனையைக் கையில் எடுத்த பிறகு எந்தக் கட்சி வந்தாலும் கடையை மூட முடிந்ததா? குடிகாரரை விட அரசாங்கம்தான் முதலில் அடிமையாகிறது.

எதிர்ப்பவர்கள் சொல்வதில் எனக்கு உறைக்கிற விஷயங்களும் உண்டு. இப்போதைய சரக்கு அறுபதுகளில் இருந்த சரக்கு இல்லை, வீரியம் பல மடங்கு கூடிவிட்டது. பதின்வயதில் தினமும் இழுப்பவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்க்கான அபாயம் கூடுகிறது என்பதை மருத்துவர்கள் தள்ளிவிடுவதில்லை. வண்டி ஓட்டுபவரை நிறுத்தி ஊதச் சொல்லி அளப்பது மதுவுக்கு முடியும். கஞ்சாவுக்கு அப்படி நம்பகமான கருவி இன்னும் இல்லை. எல்லோரும் கார் ஓட்டித்தான் ஆக வேண்டிய டெக்சாஸில் இது சின்ன விஷயம் இல்லை.

இதையெல்லாம் வைத்துத்தான் கஞ்சத்தனம் என்றேன். முதல் வேலையாக, கையில் வைத்திருப்பதற்குச் சிறை கூடாது, பார்க்கிங் அபராதம் மாதிரி ஒரு சீட்டு போதும், எண்ணெய்க்கும் இலைக்கும் ஒரே கணக்கு. இதற்குக் கடையே திறக்க வேண்டாம். மருத்துவத் திட்டத்தை ஏற்கெனவே விரித்துக்கொண்டிருக்கிறார்கள். 2015-இல் கட்டுக்கடங்காத வலிப்பு நோய்க்கு மட்டும் என்று ஆரம்பித்தது, 2021-இல் போர் அதிர்ச்சியோடு திரும்பிய சிப்பாய்களையும் உள்ளடக்கும் மனஉளைச்சல் நோய் சேர்ந்தது, 2025-இல் நாள்பட்ட வலி சேர்ந்து, உரிமங்கள் மூன்றிலிருந்து 15 ஆகின்றன. மூன்று கோடிப் பேருக்கு 15 உரிமம், இந்த வேகம் எனக்குப் பிடித்திருக்கிறது. அது பழகி, ஆய்வகமும் கண்காணிப்பும் நின்ற பிறகு, 21 வயதுக்கு மேல் எல்லோருக்கும் என்று அதே எண்ணிக்கையிலான கடைகளை மெல்லத் திறக்கலாம். நெடுஞ்சாலையில் விளம்பரப் பலகை கூடாது. குழந்தை மிட்டாய் போன்ற உறை கூடாது. டியூஷன் சென்டர் பக்கத்தில் கண்டிப்பாகக் கூடாது.

கடைசியாக, இதைப் படிப்பவர் விசாவிலோ கிரீன் கார்டிலோ இருந்தால் ஒன்று. டெக்சாஸ் நாளைக்கே சட்டம் மாற்றினாலும் உங்களுக்கு எதுவும் மாறாது. குடியேற்றம் மத்திய அரசின் கையில். மாநிலம் அனுமதித்த கடையில், ரசீதோடு வாங்கியிருந்தாலும், அந்தக் கடையில் வேலைதான் பார்த்திருந்தாலும், குடியுரிமைக்கான நன்னடத்தைக் கேள்வியில் அது எதிராகப் போகலாம் என்று குடியேற்றத் துறை 2019-இலேயே தெளிவாக எழுதி வைத்துவிட்டது. பிடிபட வேண்டும் என்பதுகூட இல்லை, அதிகாரி கேட்டு நீங்களே ஒப்புக்கொண்டாலும் போதும். நண்பர் மகனின் வழக்கு தள்ளுபடியாகி இரண்டு வருடம் ஆகிறது. விசா படிவத்தில் 'எப்போதாவது கைது செய்யப்பட்டிருக்கிறீர்களா' என்ற இடத்தில் இன்னமும் 'ஆம்' போட்டு, நீதிமன்றத் தாள்களை இணைத்துக்கொண்டிருக்கிறான்.